கையில் கொடுக்காதே

"பொட்டப்புள்ள கையில கத்தியா? ஏன்டா செல்லமுத்து, உனக்கு அறிவு கிறிவு இருக்குதா?"

தைலம்மாள் கொல்லையில் நின்று அண்ணாந்து கத்தினாள். காலனியிலிருந்து தேங்காய் பறிக்க வந்திருந்த செல்லமுத்து, மரத்து உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மடக்குக் கத்திதாங்க! சின்னசேலம் சந்தையில வாங்கியாந்தேன். பென்சில் சீவும், மாங்கா அறுக்கும்..."

"கைய அறுத்துக்கினா?"

"எல்லாம் சொல்லிக் குடுத்துருக்கேங்க! ஒரு தப்பு பண்ணட்டும், அன்னிக்கே புடுங்கிக்குவேன்னு பேசித்தான் குடுத்தேன்!"

கீழே காய் பொறுக்கிக்கொண்டிருந்த செவ்வந்தி, பாவாடை நாடாவில் முடிந்திருந்த கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது படிக்கிறாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அப்பாவோடு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் கத்திக்கு ஆபத்து.

தைலம்மாளுக்கு மனசு ஆறவில்லை. நைனார்பாளையத்தில் அவளைப் போல இளகிய மனசுக்காரி கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். ஊர் மறந்துவிடக் கூடாதே என்று அவளே நாலு பேரிடம் சொல்லியும் வைப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு பச்சைப்பிள்ளை கையில் கத்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? எப்படியாவது பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதான்.

அதற்கு வழியும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கள்ளக்குறிச்சி சம்பந்தி வீட்டிலிருந்து காலையில் ஒரு டின் முறுக்கு வந்திருந்தது. மூடியைச் சுற்றி நைலான் கயிறு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. சம்பந்தியம்மாள் குணமே அதுதான். கொடுப்பாள், லேசில் தின்ன விடமாட்டாள். டின்னை அரிவாள்மணையில் வைத்து அறுக்க முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்ததில் பல்தான் ஆடியது.

தைலம்மாள் டின்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கயிறும் அறுபடும், கத்தியும் கைக்கு வந்துவிடும்.

"ஏ குட்டி, அந்தக் கத்தியக் குடு."

செவ்வந்தி முடிச்சை அவிழ்த்துக் கத்தியை எடுத்தாள். சரியாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். தைலம்மாள் கையை நீட்டினாள்.

செவ்வந்தி அந்தக் கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து, கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இன்னாடி இது? நான் கை நீட்டிக்கினு நிக்கிறேன், நீ கீழ வெக்கிற? நாய்க்குச் சோறு வெக்கிற மாதிரி! எனக்கு இன்னா மானம் மரியாத இல்லியா? டேய் செல்லமுத்து, பாத்தியா உன் பொண்ணு பண்ற தப்ப? எறங்கி வந்து புடுங்குடா கத்திய!"

செவ்வந்திக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"தப்பு இல்லீங்க. அப்பாதான் சொன்னாரு."

"இன்னா சொன்னான்?"

"கத்தியக் கையில குடுத்தா, குடுத்தவங்களுக்கும் வாங்கனவங்களுக்கும் சண்ட வந்துடுமாம். கீழ வெக்கணும், அவங்களே எடுத்துக்கணும். உங்ககூட சண்ட வேணாம்னுதாங்க வெச்சேன்."

"ஆமாங்க!" என்றது மரத்து உச்சி.

தைலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தானே? மருமகளிடம் கத்தரிக்கோலைக்கூட அவளே கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வாள். அப்படியும் சண்டை வந்தது என்பது வேறு விஷயம்.

கத்தியைக் குனிந்து எடுத்துக் கயிற்றை அறுத்தாள். அறுத்த வேகத்தில் கோபமும் அறுந்துவிட்டது. கத்தியை மடக்கித் தரையில் வைத்தாள். செவ்வந்தி பாய்ந்து எடுத்து நாடாவில் முடிந்துகொண்டாள்.

"பரவால்லடா செல்லமுத்து, பொறுப்பாத்தான் சொல்லிக் குடுத்துருக்க! கத்தி அதுகிட்டயே இருக்கட்டும்!" என்று மேலே பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

தீர்ப்புச் சொன்ன சந்தோஷத்தில் இளகிய மனசு இன்னும் கொஞ்சம் இளகியது. டின்னுக்குள் கைவிட்டு, உடையாத முறுக்காகப் பார்த்து ரெண்டு எடுத்தாள்.

"இந்தா குட்டி, தின்னு."

செவ்வந்தி ஓடி வந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள்.

தைலம்மாள் குனிந்து, ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு, முறுக்கைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டாள். யோசித்துச் செய்ததில்லை. கை அப்படியே பழகியிருந்தது.

செவ்வந்தி தன் கையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஏதோ புரிந்துவிட்ட மாதிரி முகமெல்லாம் சிரிப்பானது.

"உங்களுக்கும் உங்கப்பாதான் சொல்லிக் குடுத்தாருங்களா?"

"எதடி?"

"கீழ வெக்கிறத."

தைலம்மாள் டின் மூடியை அழுத்தி மூடினாள்.

செவ்வந்தி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முறுக்கை எடுத்துக்கொண்டு, மரத்தை அண்ணாந்து, தெருக்கோடி வரை கேட்கும்படி கூவினாள்:

"அப்பா! இந்த அம்மா ரொம்ப நல்லவங்கப்பா! நம்மகூட சண்டயே வரக் கூடாதுன்னு, முறுக்கக்கூடக் கையில குடுக்காம கீழ வெக்கிறாங்க!"