மூன்று நொடி முகம்

தீபாவளிக்கு முந்தின நாள், தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். ரெஜினாவின் செல்போனுக்கு யாரோ ஒரு தீபாவளி விளையாட்டை அனுப்பியிருந்தார்கள். திரையிலுள்ள புஸ்வாணத்தைத் தொட்டால் பொறி பூக்கும். ரசித்துக்கொண்டிருக்கும்போதே கருகிய முகமொன்று வீறிட்டுக்கொண்டு பாயும். வாங்கிப் பார்த்த எல்லோரும் அலறினார்கள்.

"நீங்களும் கொளுத்துங்கக்கா" என்று அழகுத்தாயிடம் நீட்டினாள்.

அழகுத்தாய் தொட்டாள். முகம் பாய்ந்தது. அவள் அலறவில்லை. அதன் இடக்காதில் பாதி உருகிக் கிடந்த மீன் தோடு, தங்கை செண்பகத்துக்கு அவள் வாங்கிப் போட்டது. பட்டாசு ஆலை வெடித்த அன்று ஆஸ்பத்திரியில், "பாக்காதம்மா, தாங்க மாட்ட" என்று சொல்லி முகத்தை மூடியேதான் உடலைக் கொடுத்தார்கள். அங்கே யாரோ படமெடுத்திருக்கிறார்கள்.

"என்னக்கா, பயமே வரலையா?"

"என் தங்கச்சிடி."

சிரிக்கக் காத்திருந்தவர்கள் எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா செல்போனைப் பிடுங்கப் போனாள். அழகுத்தாய் விடவில்லை.

முகம் மூன்று நொடிதான் நின்றது. அவள் மறுபடியும் புஸ்வாணத்தைத் தொட்டாள்.

"சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுடி" என்றாள். "அது அவ குரல் இல்ல."