பிள்ளையார் டிஸ்க்

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. நம்ம ரசாக்தான்."

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த ஜெயராஜ் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பீச் ஸ்திரீட்டில் கப்பல் சரக்கு ஏஜென்சி நடத்தும் சிவகுருநாதன் அவன் காதருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"நேத்து சாயங்காலம் சட்டைப் பைல டிஸ்க்கோட வீட்டுக்குப் போயிருக்கான். சந்திரிகா பார்த்திருக்கு. என்னன்னு கேட்டா கையால மறைச்சானாம்."

டைப் அடித்துக்கொண்டிருந்த சந்திரிகா நிமிராமலே, "மறைச்சாரு லா" என்றாள்.

அதே வைரஸ், மூன்றாவது முறை. ஜெயராஜ் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸை முதலிலிருந்து போட்டுக் கொடுப்பான். ஆபீஸ் பெட்டியில் இருக்கும் டிஸ்க்குகளையும் சுத்தம் செய்துவிட்டுப் போவான். மறுநாளே வைரஸ் திரும்பி வந்துவிடும்.

போன தடவை அவன்தான் சொன்னான்: "இது உள்ளாள் வேலை சார். யாரோ வெளியிலேர்ந்து கேம்ஸ் டிஸ்க் கொண்டாந்து போடறாங்க."

அன்றிலிருந்து சிவகுருநாதன் எல்லோருடைய சட்டைப் பையையும் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"இன்னும் ஒண்ணு கேளு. பிள்ளையாரையும் காணோம்."

ஜெயராஜ் திடுக்கிட்டான். அது அவர் மனைவி ஞானாம்பிகை கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து வரைந்த பிள்ளையார் படம் இருக்கும் டிஸ்க். வரைந்த சில மாதங்களில் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். தினமும் காலையில் சிவகுருநாதன் அந்த டிஸ்க்கைக் கண்ணில் ஒற்றி, கம்ப்யூட்டருக்குள் வைத்து, கும்பிட்ட பிறகுதான் சுவிட்சைப் போடுவார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஜெயராஜே தொட்டதில்லை.

அவன் விண்டோஸைப் போட்டு முடிக்கும் நேரத்தில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அப்துல் ரசாக் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான்.

"ஃபெரி லேட் சார்."

"அது கிடக்கட்டும். பைல என்ன?"

ரசாக் தயங்கினான். பிறகு மெல்ல எடுத்து மேசைமேல் வைத்தான். ஓரத்தில் சந்தனம் காய்ந்த நீல நிற டிஸ்க்.

"சாமியையே தூக்கிட்டுப் போயிருக்க?"

"இல்ல சார். கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு, இது பத்திரமா இருக்கட்டும்னு..."

"என் மேசைல இல்லாத பத்திரம் உன் பைல இருக்கா? தம்பி, இதைப் போட்டுப் பாரு. இதுல வைரஸ் இருந்துச்சுன்னா, ரசாக்கு, நீ நாளைலேர்ந்து வர வேணாம்."

உள்ளறையில் டெலிபோன் அடித்தது. முறைத்துக்கொண்டே போனார்.

ஜெயராஜ் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தான். வைரஸ் இல்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. பெட்டியிலிருந்த அத்தனை டிஸ்க்கிலும் மறுபடி தொற்றியிருக்கிறது. தினமும் உள்ளே போய் வரும் இது மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்?

"யாருண்ணே இதைச் சுத்தம் பண்ணினது?"

ரசாக் உள்ளறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மெதுவா பேசுங்க தம்பி. கொம்தார் கட்டடத்துல என் மச்சான் நாகூர் மீரான் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கு. படம் அழியாம கிருமியை மட்டும் எடுத்துக் கொடுத்துச்சு."

"அப்ப இதுலதான் இருந்திருக்கு. நான் சுத்தம் பண்ணிட்டுப் போறேன், மறுநாள் காலைல அவரே கும்பிட்டு உள்ள வைக்கறாரு."

"அம்மா படிச்ச கிளாஸ்ல ஒட்டியிருக்கும்."

"சொல்லியிருக்கலாமேண்ணே."

"எப்படிச் சொல்றது? பொண்டாட்டி கையால செஞ்சதுன்னு அவருகிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான். இதுலதான் வைரஸ்னு தெரிஞ்சா, அப்புறம் தொடும்போதெல்லாம் அந்த நினைப்புதானே வரும்? அதுவும் நான் போய், உங்க சாமிகிட்டதான் கிருமி இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"உங்க வேலை போயிடும் போலிருக்கே."

"புக்கிட் தெங்காவுல ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கறாங்களாம்" என்றான் ரசாக். குரலில் சுரத்தே இல்லை.

சிவகுருநாதன் திரும்பி வந்தார். "என்ன தம்பி?"

"இதுல ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? பெட்டில இருக்கற எல்லாத்துலயும் இருக்கு. பிள்ளையாரை மட்டும் அண்ட முடியல."

"ஆமா சார். சாமிகிட்ட எப்படி வரும்?" என்றான் ரசாக்.

டிஸ்க்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சிவகுருநாதனுக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப இவன் வேற டிஸ்க் எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். எடு உன் மேசைச் சாவியை."

ரசாக் சாவியை நீட்டினான்.

"அவரை விடுங்க சார்" என்றான் ஜெயராஜ். "தப்பு என்னோடது. எல்லா டிஸ்க்கையும் பார்த்தவன் ஒண்ணை மட்டும் பார்க்காம விட்டுட்டேன். அதுலேர்ந்துதான் திரும்பத் திரும்ப வந்திருக்கு."

"எந்த டிஸ்க்?"

ஜெயராஜ் ரசாக்கைப் பார்க்கவில்லை.

"நான் கொண்டு வந்ததுதான் சார்."

டைப் சத்தம் நின்றது. சிவகுருநாதன் அவனையே வெறித்துப் பார்த்தார். பிறகு சாவியை ரசாக்கின் கையில் திருப்பி வைத்தார்.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு தம்பி. இனிமே இந்தப் பக்கம் வராதே. உன்னை நம்பி, இவனைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு."