அணைக்க மறந்த சுவிட்ச்

"செத்துப்போன பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன்னு ஒருத்தி தினமும் அரை மணி நேரம் பிந்தி வர்றா! யாருமே கவனிக்கலையா?"

யோகேஸ்வரன் போட்ட சத்தத்தில் தோட்டத்து ஆபீஸே திடுக்கிட்டது. பெரிய கிளாக்கர் கேதீஸ்வரி மட்டும் தலை நிமிரவில்லை.

வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது, வருஷம் 2008. காலையில் பெரட்டுக்களத்தில் கூடி நின்றவர்களைப் பேர் கூப்பிட்ட காலம் போய், மெஷினில் அட்டையைக் காட்டிவிட்டு மலைக்குப் போகிற காலம் வந்திருந்தது. அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதியவன் யோகேஸ்வரன்.

எழுதியவன் சும்மா இருந்தானா? வாரத்துக்கொரு திருத்தம், மாதத்துக்கொரு மாற்றம். ஒவ்வொரு சலுகைக்கும் ஆள் வாரியாக ஒரு சுவிட்ச் வைத்தான். கைப்பிள்ளைக்காரிகளுக்கு அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டால், காலையில் அரை மணி நேரம் பிந்தி வரலாம். மத்தியானமும் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். மற்றவர்கள் பிந்தினால் சிவப்பு விளக்கு எரியும். அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் வேலை போச்சு.

சுவிட்சைப் போடச் சொல்லி எல்லோரும் வந்தார்கள். அணைக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அதற்குத்தான் இந்த வாரத் திருத்தம். தோட்டத்து மருந்துக்காரரின் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்த்து, வீணாக எரிகிற சுவிட்சுகளைப் புரோகிராமே பிடித்துக் கொடுக்கும்.

முதல் பேரே நாகலெட்சுமி. நாற்பது நாள் பிள்ளை இறந்து நாலு மாதமாகிறது. சுவிட்ச் மட்டும் உயிரோடு இருந்தது.

"தம்பி, அந்தப் பேரில மட்டும் கை வைக்காதேங்கோ" என்றார் கேதீஸ்வரி.

"ஏன் மிஸ்?"

"காரணம் இருக்கு. சொல்லமாட்டன் எண்டு ஒராளுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

நாகலெட்சுமி வளர்க்கிற முட்டைக்கோவா லஞ்சமாக மிஸ் வீட்டுக்குப் போகிறது போலிருக்கிறது என்று யோகேஸ்வரன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். சுவிட்சை அணைத்தான்.

மறுநாள் காலை. நாகலெட்சுமி வழக்கம்போல் பிந்தி வந்து அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெஷின்ல ஒண்ணும் பிழையில்ல. ஒனக்குத்தான் பிள்ளை இல்லையே, எங்க போயிட்டு வர்ற?" என்று கேட்டான் யோகேஸ்வரன், ஐம்பது பேருக்கு முன்னால்.

நாகலெட்சுமி அட்டையை இன்னொரு தரம் காட்டினாள். மறுபடியும் சிவப்புதான்.

"செத்த பிள்ளையச் சொல்லி ஏமாத்த வெட்கமா இல்ல?"

கூடி நின்ற பெண்கள் அதிர்ந்துபோனார்கள். இவனும் அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தானே, இப்படியா பேசுவான்? நாகலெட்சுமி அட்டையை மடியில் செருகிக்கொண்டாள்.

"நாளையிலயிருந்து நேரத்துக்கு வந்துர்றேங்க ஐயா" என்றாள்.

அன்றிரவு யோகேஸ்வரனுக்குச் சாப்பாடு ருசித்தது. மனைவி ஷாமிலாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பாவங்க. அவங்க சுவிட்ச விட்டுடுங்களேன்."

"லயத்து ஆளுகளுக்குப் பாவம் பார்த்தா தலையில ஏறிக்குவாங்க. ஒனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அவங்க யாரும் இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு."

ஷாமிலா எதையோ சொல்லத் தொடங்கினாள். அவன் அதற்குள் தொட்டிலில் கிடந்த ஐந்து மாத மகனைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டான்.

"பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான்! நான் வாங்கிப்போட்ட டின் பால் அப்படி. ஒனக்குப் பால் போதலைன்னு அழுதியே, இப்பப் பாத்தியா?"

அவள் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் நாகலெட்சுமி பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. யோகேஸ்வரன் கேதீஸ்வரியைப் பார்த்து, "பாத்தீங்களா மிஸ், வர முடியுதுதானே?" என்றான்.

"வர ஏலும் தம்பி" என்றார் அவர். மறுபடி பதிவேட்டில் குனிந்துகொண்டார்.

மத்தியானம் வாட்சர் அழகுமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஐயா, ஒங்க வீட்ல கூப்பிடுறாங்க! புள்ள விடியக்காலையில இருந்து கத்துதுங்க. குடிக்கிறதெல்லாம் வாந்தி!"

யோகேஸ்வரன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான். குழந்தை கத்திக் கத்திக் குரல் அடைத்துக் கிடந்தது. ஷாமிலாவின் சேலையெல்லாம் பால் வாந்தி. மேசையில் புதிதாக உடைத்த பால்மா டின். அலமாரியில் அவன் வாங்கி அடுக்கிய மற்ற டின்கள், ஒன்றுகூட உடைபடாமல்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"துரையோட வேனைக் கேக்குறேன். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்!"

ஷாமிலா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரி வேணாங்க. நாகலெட்சுமியக்கா சுவிட்ச மறுபடி போட்டுவிடுங்க. நாலு மாசமா நம்ம புள்ளைக்குப் பால் குடுத்தது அவங்கதாங்க."