இருபதாவது இலக்கம்

"நாலு."

"ஆறு."

"நாலுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. கண்ணு தெரியலையா உனக்கு?"

"அப்போ உன் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய் கண் டாக்டர்கிட்ட காட்டு."

ஹால்ல சத்தம் கேட்டதும், பாத்திரம் கழுவிட்டிருந்த அப்பா சோப்புக் கையோட ஓடப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "பேசாம இருங்க. சண்டை போடட்டும்."

காரணம் இருக்கு. அந்த வீட்டுல அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசி வருஷம் ஒண்ணாச்சு.

நல்ல வேலையை விட்டுட்டு அவ கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதக் கிளம்பினதை, சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் அவன் கேலி பண்ணிட்டான். அன்னைக்கு மூடின வாய்தான்.

அப்புறம் எல்லாமே அம்மா வழியா. பக்கத்துலயே நிப்பான். "அம்மா, உன் பையனை ஃபேனைக் குறைக்கச் சொல்லு"ம்பா அவ. அம்மா சொல்ற வரைக்கும் அவன் அசைய மாட்டான். நமக்கப்புறமும் இதுங்க இப்படியே இருந்துடுமோன்னு அம்மாவுக்கு ஒரே கவலை.

அம்மாவுக்கு ஒரு காலேஜ் கம்ப்யூட்டர் லேபுல வேலை. லேப் சுவர்ல மாட்ட, வட்டக் கணக்குல வர்ற 'பை', அதான் 3.14, அதோட மதிப்பை எழுதின நீளப் பலகை வேணும்னாங்க. புள்ளிக்கு அப்புறம் இருபது இலக்கம். எண்ணைக் கணக்குப் போட்டு எடுக்கறது பையன், எழுதறது பொண்ணு.

பையன் எப்பவும் கறுப்புத் திரையில தட்டுற அந்தக் கால்குலேட்டரைத் திறந்தான். பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது. கணக்கைத் தட்டினா, கேக்கற அளவுக்கு இலக்கம் கொட்டும். கேக்கலைன்னா இருபதோட நிறுத்திக்கும். ஒண்ணோட ஆர்க்டேன்னு ஒரு கணக்கு, அது 'பை'யில சரியா கால் பங்கு; அதை நாலால பெருக்கச் சொன்னான். வந்துச்சு. கடைசி இலக்கம் நாலு.

பள்ளிக்கூடத்துல 'பை'யை ஐம்பது இலக்கம் ஒப்பிச்சு கப்பு வாங்கினவ, பிரஷ்ஷும் கையுமா பின்னாடி நின்னா. தப்பைப் பாத்துட்டு எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கிட்டு இருப்பா?

"அது கடைசி இலக்கத்தை ரவுண்ட் பண்ணுமா, வெட்டுமா?"

"வெட்டும்."

"வெட்டினதை நீ நாலால பெருக்கினா, விட்டுப்போன துண்டும் நாலு மடங்கு ஆகாதா?"

ஹால்ல கீபோர்டு தடதடன்னு அடி வாங்குச்சு. அடிச்சுக்கிட்டாங்களோன்னு அப்பா அம்மா முகத்தைப் பாத்தார்.

முப்பது இலக்கம் வேணும்னு மாத்திட்டு எண்டரைத் தட்டினான். இருபதாவது இடத்துல வந்து உக்காந்துச்சு ஆறு.

"ஆறுதான்டி, எருமை. இன்னுமா மறக்கலை?"

"உன்னை மாதிரியா? நகரு, பெயிண்ட் சிந்தப்போகுது. அந்தப் பக்கம் பலகையைப் பிடி, ஆடுது."

பிடிச்சான். பிடிச்சுக்கிட்டே, "ஒன்பது ரொம்ப அழகா வந்திருக்கு"ன்னான். அடுத்த ஒன்பதுக்கு அவ ஒரு சுழி கூடவே போட்டா. நடுவுல ரெண்டு பேரும் ஒரு தடவைகூட "அம்மா"ன்னு கூப்பிடலை. வீட்டுல யாரும் தன்னைக் கூப்பிடாததுக்கு அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

"நல்லவேளை, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுச்சு"ன்னார் அப்பா.

அம்மா ஈரத் தட்டைத் துடைச்சபடியே தலையாட்டினாங்க. முந்தின நாள் லேபைப் பூட்டறதுக்கு முன்னாடி அதே கால்குலேட்டர்ல அதே கணக்கைத் தட்டிப் பாத்து, கடைசியில தப்பா நாலு வந்ததும் தனியா உக்காந்து சிரிச்சதைச் சொல்லலை. லேபுல பலகை வேணும்னு யாரும் கேக்கவே இல்லைங்கறதையும் சொல்லலை.

உங்க வீட்டுல பேச்சு நின்னுபோன ரெண்டு பேரை நீங்க எப்படிப் பேச வெச்சீங்க? கீழ எழுதுங்க. அப்படியே அந்தப் பலகையை எங்க மாட்டறதுன்னும் ஒரு யோசனை சொல்லுங்க. கட்டிலுக்கு அடியில நுழைய மாட்டேங்குது.