வண்டி விழுந்த படம்

ஃபிளாஷ் அடித்தால் தணிகாசலத்துக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பெண் வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்த படங்களிலெல்லாம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி தூங்கினான். பொழுதும் சாய்ந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பன் பீட்டர் பொறுமையிழந்து ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான்.

"இப்ப முழிடா."

முழித்தான். ஆனால் வெளிச்சம் முழுக்க வண்டிமேல் விழுந்தது. டேங்க் பளபளவென்று மின்ன, முகம் இருந்த இடத்தில் வெறும் இருட்டு.

"இதுலதான்டா லட்சணமா இருக்கே" என்று அவனுடைய அக்கா அதையே அனுப்பிவிட்டாள்.

இந்தச் சம்பந்தமும் போச்சு என்று அவன் தலையில் கைவைத்திருந்தபோது பெண்ணே கூப்பிட்டாள்.

"இன்பவல்லி பேசறேன். முகத்த நேர்ல பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை அந்த வண்டியிலயே வாங்க."

"சரிங்க."

"ரெண்டு ஹெல்மெட் எடுத்துக்குங்க. நான்தான் ஓட்டுவேன்."