மீன்கொத்தியின் பெயர்

நேசமலர் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு மீன்கொத்தி. விலங்கியல் வகுப்புக்காக எட்வேர்ட் பாடம்பண்ணி வைத்தது. அடியில் அவருடைய கையெழுத்தில் அதன் விஞ்ஞானப் பெயர்: ஹல்சியன்.

"என்ரை தம்பியின்ரை சாமான். இது உன்னட்டை இருக்கத் தேவையில்லை."

ஐரிஸ் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வீடு வந்திருந்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவளுடைய கணவர் எட்வேர்ட் போன வள்ளம் கிளாலிக் கடலில் கடற்படையின் துப்பாக்கிச் சூடுபட்டுக் கவிழ்ந்து நான்கு மாதமாகிறது. உடல் கிடைக்கவில்லை.

நேசமலரின் பார்வை சேலையை விட்டு நகரவில்லை.

"இந்தப் பேர் எப்பிடி வந்ததெண்டு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தம்பி சொல்லுவான். கிரேக்கத்து ராசாத்தி ஒருத்தி. புருசன் கடலிலை செத்தவுடனை தானும் குதிச்சவள். தெய்வங்கள் இரங்கி ரண்டுபேரையும் மீன்கொத்தியாக்கினதாம். அவள் பெண்சாதி. நீ வெள்ளைகூடக் கட்டேல்லை."

ஐரிஸ் எதிரே கதிரையில் இருந்தாள். தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கள் கதையைப் பாதியிலை தொடங்கிறியள், மச்சாள். அவள் முதல் கெஞ்சினவள். போறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. நானும் கெஞ்சினன். வள்ளத்திலை இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடமாம். அது உங்கடை மகனுக்கெண்டிட்டார்."

நேசமலரின் மகன் ஜெயசீலன் இப்போது கொழும்பில் இருந்தான். தம்பியின் வள்ளத்தில் ஏறாமல் கடைசி நேரத்தில் வேறு வள்ளத்தில் கடலைக் கடந்துவிட்டான் என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். தம்பிக்கு நினைவு ஆராதனை நடந்த அடுத்த கிழமை மகனுக்கு நன்றி ஆராதனை வைத்தாள். அதற்கு ஐரிஸும் போய்ப் பாட்டுப் பாடியிருந்தாள்.

"ஜெயசீலனுக்கு நீந்தத் தெரியாது," என்றாள் ஐரிஸ். "மிதந்து வந்தது ஒரேயொரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான். அதை அவன்ரை கையிலை குடுத்திட்டு இவர் தன்ரை பிடியை விட்டிட்டார். அந்த வள்ளத்திலை தப்பின ஒருத்தர் நேற்று வந்து சொன்னவர்."

நேசமலர் பெட்டியை மேசையில் இறக்கி வைத்தாள்.

எழுந்து போய் முன்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உது வேறை ஆருக்குத் தெரியும்?"