மயில்சாமியின் நுரையீரல்

ரவிக்குமார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். இப்போது இருமினால் வேலை போய்விடும்.

முதலாளியின் மேஜைமேல் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிடந்தது. பஞ்சு மில் ஆட்கள் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும், அவர்கள் நுரையீரல் எப்படி இருக்கிறதென்று அரசாங்கத்துக்கு அறிக்கை போக வேண்டும். பல்லடம் பக்கத்தில் ஜின்னிங் மில் நடத்தும் பாலுசாமிக்கு இதெல்லாம் வெட்டி வேலை.

"நான் பொறந்து வளந்ததே பஞ்சுக்குள்ளதான். எனக்கென்ன கேடு வந்துபோச்சு?" என்பார்.

அறிக்கை சுத்தமாகப் போக அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி வேன் மில் வாசலுக்கு வந்த அன்று, மெஷினடியில் தூசி தின்கிறவர்களை வெளியே விடவில்லை. டிரைவர் ரவிக்குமார், வாட்ச்மேன், ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் பேரில் ஊத வேண்டியது. கணக்குப் பார்க்கும் அன்புக்கரசி ஆளுக்கொரு பேர்ச்சீட்டு கொடுத்தாள்.

ரவிக்குமார் ஊதிவிட்டு, முதலாளி வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துவரக் கிளம்பும்போது ஊத ஒரு ஆள் குறைந்தது. "அத நான் பாத்துக்கறேன்" என்று பாலுசாமி மிச்சமிருந்த சீட்டை வாங்கி, பேரைக்கூடப் பார்க்காமல் வேன் பக்கம் நடந்தார். ஆள் பிடிக்கிற சாமர்த்தியத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டில் எல்லோரும் தேவலை. மயில்சாமி என்ற பேரில் ஊதியவருக்கு மட்டும் நுரையீரல் பாதிகூட வேலை செய்யவில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இனி இன்ஸ்பெக்டர் மில்லுக்குள் வந்து துருவுவார்.

மயில்சாமி யாரென்றே பாலுசாமிக்குத் தெரியாது. வருஷக்கணக்காகத் தனக்கு உழைப்பவனின் பேர் தெரியாத பெரிய மனுஷர். அந்தப் பேரில் ஊதிக் காரியத்தைக் கெடுத்த நோஞ்சான் எவன் என்று குதித்தார். அவனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

ரவிக்குமாருக்கு நாலு நாளாகச் சளி. அடக்க அடக்க இருமல் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"நீதானாடா அது? கார் சாவிய வெச்சுப்போட்டுப் போ. சீக்காளிக்கெல்லாம் எம்பட மில்லுல எடமில்ல."

தான் ஊதியது வேறு பேரில் என்று அவன் சொன்னது எடுபடவில்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளை நினைத்தபடி, சாவியை மேஜையில் வைத்தான்.

"ஏம்மணி, மயில்சாமி சீட்ட இவனுக்குத்தான குடுத்த?" என்றார் பாலுசாமி.

பக்கத்தில் நின்றிருந்த அன்புக்கரசி சாவியை எடுத்து ரவிக்குமாரின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"வண்டிய எடுங்கண்ணா, மொதலாளிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்."